வேலைக்காக எவ்வளவு மாறலாம்? திசையன்விளைப் பக்கத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். திசையன்விளைப் பக்கம் ஒரு கிராமம், 12-ஆம் வகுப்பு வரை தமிழ் வழி, இப்போது இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினீயரிங்) கடைசி வருடம், இன்னும் பத்து நாளில் முதல் கேம்பஸ் இன்டர்வியூ. கல்லூரிக்கு வந்த பயிற்சியாளர், "பேச்சில் திருநெல்வேலி வாடையே வரக் கூடாது, அப்பா பனையேறுகிறார் என்று சொல்லாதே, பிசினஸ் என்று சொல், பொழுதுபோக்கு கேட்டால் நாவல் வாசிப்பேன் என்று சொல், எந்த ஊரில் போட்டாலும் போவேன் என்று சொல்" என்றிருக்கிறார். "நான் நானாகவே போனால் வேலை கிடைக்காது, வேறு ஆளாகப் போய்க் கிடைத்தால் அது எனக்குக் கிடைத்த வேலையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எவ்வளவு மாறலாம் என்று கேட்பது போல இருக்கிறது. எனக்குப் படுவது வேறு. எது பொய், எது வெறுமனே பழக்கமில்லாத விஷயம் என்று பிரித்துப் பார்க்க முடியாமல் தவிக்கிறீர்கள். இரண்டுமே உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் உறுத்தும், அதனால் வரும் குழப்பம் இது. அந்தப் பட்டியலில் பேச்சைப் பற்றிச் சொன்னது பாதி சரி. மற்ற மூன்றும் உங்கள் காலை வாரிவிடும்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடம் ஆளெடுக்கும் பிரிவில் இருந்தேன். சொந்த ஊர் பாளையங்கோட்டை என்பதால் தென் மாவட்டக் கல்லூரிகளுக்கு வரும் குழுவில் என்னைத்தான் பெரும்பாலும் அனுப்புவார்கள். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். சனி, ஞாயிறுகளில் மாணவர்களை உட்கார வைத்து மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். ஆகவே நான் சொல்வது ஐ.டி., எலெக்ட்ரானிக்ஸ், வங்கி, நிதி நிறுவனம் போன்ற இடங்களில் புதிதாகப் படிப்பு முடித்தவர்களை எடுக்கும் முறைக்குப் பொருந்தும். பத்திரிகை, சினிமா, ஆராய்ச்சி போன்ற துறைகளில் கணக்கு வேறு, அதற்குள் நான் போகவில்லை.

முதலில் பேச்சு. "என் பேச்சை மாற்றினால் நான் போலி ஆகிவிடுவேனா" என்ற பயம் உங்களுக்கு வேண்டாம். தமிழ் பேசுகிறவர்கள் எல்லோரும் தினமும் செய்வதுதான் இது. வீட்டில் "சொல்லுதேன்" என்பீர்கள், பரீட்சைத் தாளில் "சொல்கிறேன்" என்று எழுதுவீர்கள். அம்மையிடம் பேசுவது ஒரு மாதிரி, கல்லூரி முதல்வரிடம் பேசுவது இன்னொரு மாதிரி. நண்பனை "ஏலே" என்று கூப்பிடுகிற அதே வாய்தான் கடைக்கார அண்ணாச்சியிடம் "இருக்கா அண்ணாச்சி?" என்று பணிவாகக் கேட்கிறது. இதில் எது உண்மையான நீங்கள் என்று யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? எல்லாமே நீங்கள்தான். ஆங்கிலத்தில் பேனல், அதாவது நேர்காணல் செய்யும் குழு, முன்னால் பேசுவது இந்த வரிசையில் இன்னொன்று, அவ்வளவுதான். இன்னும் பழகவில்லை என்பதால் அடுத்தவர் குரல் மாதிரி உங்களுக்கே கேட்கிறது.

ஆனால் எதை மாற்ற வேண்டும் என்பதில் அந்தப் பயிற்சியாளரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நம் பக்கத்துப் பிள்ளைகளை நான் மறுக்க நேர்ந்தபோது, அவர்கள் பேச்சில் ஊர் வாடை இருந்தது காரணமாக இருந்ததில்லை. வேகம்தான் காரணம். பயத்தில் மடமடவென்று ஓடுவார்கள், வாக்கியத்தின் கடைசிப் பாதியை விழுங்கிவிடுவார்கள், மூன்று சொல்லுக்கு ஒரு 'சார்' வரும். எதிரே இருப்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒன்றும் பிடிபடாது. ஆகவே வாடை அப்படியே இருக்கட்டும், வேகத்தைக் குறையுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள், ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கைபேசியில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து, மறுநாள் கேளுங்கள். அன்றைக்கே கேட்டால் என்ன சொன்னோம் என்று ஞாபகம் இருப்பதால் தெளிவாக இருப்பது போலத் தோன்றும், மறுநாள்தான் எந்த இடத்தில் விழுங்கினீர்கள் என்று தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு. கால் சென்டரில் குரல் வழிச் சேவை வேலை என்றால் 'எம்.டி.ஐ.' என்று ஒரு அளவுகோல் வைத்து, தாய்மொழிச் சாயல் எவ்வளவு இருக்கிறது என்றே பார்த்து வடிகட்டுவார்கள். உங்கள் துறை அது இல்லை. மற்ற இடங்களிலும் உச்சரிப்பைக் கேட்டவுடன் ஆளை எடைபோடும் அதிகாரிகள் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் பத்து நாளில் உச்சரிப்பு மாறாது, வேகம் குறையும். முடிகிற காரியத்தில் நேரத்தைப் போடுங்கள்.

அடுத்தது பொய். இதில் கொஞ்சம் ஆராய்ச்சி இருக்கிறது. ஜூலியா லெவாஷினா, மைக்கேல் கேம்பியன் என்ற இருவர் அமெரிக்காவில் வேலை தேடும் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் நேர்காணலில் ஏதோ ஒரு வகையில் பூசி மெழுகியிருந்தார்கள். ஆனால் அப்பட்டமான பொய்க்குப் பக்கத்தில் வருகிற வகைகளை எடுத்தால், வகைக்கு ஏற்ப அதைச் செய்தவர்கள் 28 முதல் 75 சதவீதம் வரைதான். இந்த எண்களை அப்படியே திருநெல்வேலிக்குக் கொண்டுவந்துவிட முடியாது. இரண்டு விஷயம் மட்டும் எனக்கு இதில் முக்கியம். எல்லாரும் கொஞ்சம் பளபளப்பாக்குகிறார்கள், அதை நினைத்து நீங்கள் ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை. பளபளப்பாக்குவதும் இல்லாததை உண்டாக்குவதும் ஒன்றல்ல என்பதை அளந்து பார்த்தவர்களும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

2017-இல் செலியா மூர் என்பவரும் உடன் மூன்று பேரும் வெளியிட்ட ஆய்வு உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. ஆசிரியர் வேலைக்கும், ராணுவத்தில் வழக்கறிஞர் வேலைக்கும் விண்ணப்பித்தவர்களைப் பார்த்தார்கள். தன்னை உள்ளபடியே காட்ட முயன்றவர்களில், ஏற்கெனவே தகுதியில் நல்ல இடத்தில் இருந்தவர்களுக்கு அது உதவியது. தகுதி குறைந்தவர்களுக்கு அப்படி உதவவில்லை. "நீ நீயாக இரு, எல்லாம் சரியாகிவிடும்" என்று மேடையில் சொல்கிறவர்கள் பின்பாதியைச் சொல்வதில்லை. உள்ளபடி இருப்பது பாடத்தைப் படிக்காமல் போனவனைக் காப்பாற்றாது. படித்துவிட்டுப் போனவனுக்கு அது கூடுதல் பலம்.

எங்கே கோடு கிழிப்பது? நான் மாணவர்களுக்குச் சொல்வது இதுதான். சொல்லும் விதத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை இடம் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நடந்த விஷயத்தை மட்டும் தொடாதீர்கள். சொன்னதைப் பற்றி அடுத்தடுத்து ஐந்து கேள்வி வந்தால் பயம் கூடுகிறதா குறைகிறதா என்று கவனியுங்கள். புதுச் செருப்பு கடிக்கும், நாலு நாளில் பழகிவிடும். பழக்கமில்லாத விஷயம் அப்படித்தான், ஐந்தாவது கேள்வி வரும்போது நீங்களே சரளமாகிவிடுவீர்கள். பொய் என்றால் ஐந்தாவது கேள்வியில் வியர்த்துவிடும்.

அதை நான் கண்ணால் பார்த்த இடம் கடைசி வருட பிராஜெக்ட். உங்கள் கேள்வியில் போகிற போக்கில், "பிராஜெக்ட் வெளியே வாங்கியது, ஆனால் ரிப்போர்ட் நான்தான் எழுதினேன்" என்று ஒரு வரி இருக்கிறது. அப்பா தொழிலையும் பேச்சையும் பற்றி அவ்வளவு எழுதிவிட்டு இதை ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இன்ஜினீயரிங் கல்லூரி இருக்கிற ஊரில் எல்லாம் பிராஜெக்ட் சென்டர் இருக்கிறது. பணம் கட்டினால் போர்டு, புரோகிராம் கோடு, ரிப்போர்ட் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வருடா வருடம் அதே மண் ஈரப்பதம் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சும் கருவி, அதே வருகைப் பதிவுக் கருவி. நேர்காணல் செய்கிறவர்களுக்கு அது பார்த்தவுடனே தெரியும்.

ஒரு கல்லூரியில் நடந்தது. பையன் நல்ல மதிப்பெண், நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். பிராஜெக்ட் என்றதும் தயாராக வைத்திருந்ததை ஒப்பித்தான்: தோட்டத்தில் மூன்று இடத்தில் ஈரப்பத சென்சார், நோட்எம்சியூ போர்டு, ரிலே, மோட்டார். என் பக்கத்தில் இருந்த தொழில்நுட்ப ஆள் சத்தம் போடாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நோட்எம்சியூவில் இருக்கிற இ.எஸ்.பி.8266 சிப்பில் அனலாக் பின் ஒன்றுதான் இருக்கிறது, மூன்று சென்சாரை எப்படி இணைத்தாய்?" ஈரப்பத சென்சாரின் அளவை வாங்கிக்கொள்வது அந்த அனலாக் பின்தான், செய்து பார்த்தவனுக்கு இந்தச் சிக்கல் தெரிந்திருக்கும். பையன் போர்டைக் கையில் எடுத்தே பார்த்ததில்லை என்பது அந்த நொடியில் தெரிந்துவிட்டது. ஒன்று, இரண்டு என்று ஏதோ பின் எண் சொல்ல ஆரம்பித்தான். அதுவரை அவன் சரியாகச் சொன்ன பதில்களும் சேர்ந்து கீழே போயின. அன்றைக்கு அவன், "இந்தப் போர்டை வெளியே செய்து வாங்கினோம் சார், கோடில் இந்தப் பகுதி மட்டும் எனக்குப் புரியும்" என்று சொல்லியிருந்தால் எடுத்திருப்போமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பகுதியில் இருந்து அடுத்த கேள்வி வந்திருக்கும், பேச்சு உயிரோடு இருந்திருக்கும்.

உங்களுக்குப் பத்து நாள் இருக்கிறது. வாங்கின போர்டைப் பிரித்துப் போடுங்கள். முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டாம், ஒரு சென்சாரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்டில் இருப்பது ஈரப்பத சென்சார் என்றால், கொல்லைப்புறத்து மண்ணில் குத்தி வைத்து ஒரு வாரம் காலை, மாலை என்ன எண் வருகிறது என்று நோட்டில் எழுதுங்கள். விலை குறைந்த, இரண்டு கம்பி உள்ள வகையாக இருந்தால் மின்சாரம் ஓடி ஓடிக் கம்பி அரித்துப்போகும், எண் மெல்ல மெல்ல விலகும். அரிப்பு கண்ணுக்குத் தெரியாவிட்டால் எண்கள் எப்படி விலகின என்பதை எழுதி வைத்தாலே போதும். பேனலில், "இதை வெளியே செய்து வாங்கினோம், அப்புறம் நானாக ஒரு சென்சாரை ஒரு வாரம் சோதித்தேன், இந்தப் பிரச்சினை வந்தது" என்று சொன்னால் அதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை, ஆனால் மூன்று நிமிடம் பேச விஷயம் இருக்கிறது. நடந்ததை மாற்றாமல் உங்களை மாற்றிக்கொள்வது என்று நான் சொல்வது இதைத்தான். நேர்காணலில் சொல்லப் போவதை நேர்காணலுக்கு முன்பே உண்மையாக்கிவிடுவது.

அரியர், படிப்பில் இடைவெளி, மதிப்பெண் இவற்றிலும் அப்படித்தான். பெரிய நிறுவனங்கள் பலவும் 10-ஆம் வகுப்பு, 12, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் போன்ற கட்-ஆஃப் வைத்திருக்கும். அங்கே 59-ஐ 60 என்று போட்டால் பின்னால் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியே வந்துவிடும், சேர்ந்த பிறகும் அனுப்பிவிடுவார்கள். அனுபவச் சான்றிதழ் பொய்யாக வாங்குகிற ஆசையும் சிலருக்கு வரும். பி.எஃப். கணக்கு வரலாற்றைப் பார்த்தாலே அந்த நிறுவனத்தில் வேலை செய்தாரா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது. இதில் தர்மம் பேச வேண்டிய அவசியமே இல்லை, மாட்டிக்கொள்வீர்கள்.

எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுப்பதுதான் கஷ்டமான இடம். அதற்கு ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். முக்கூடல் பக்கம், பி.காம். முடித்தவள். "உன்னைப் பற்றிச் சொல்லும்மா" என்றேன். கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், குழுவாக வேலை செய்வேன் என்று மனப்பாடமாக ஓடியது. அந்த வாரம் அதே வரிகளை நான் ஏழு பேரிடம் கேட்டிருந்தேன். நிறுத்தச் சொல்லிவிட்டு, "நேத்து ராத்திரி சாப்பிட்ட பிறகு என்ன செஞ்ச?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "அம்மாகூட பீடி சுத்துனேன் சார்" என்றாள், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

விசாரித்தேன். பீடிக் கடையில் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு இலை, இவ்வளவு தூள் என்று நிறுத்துக் கொடுப்பார்கள். இலை நல்லதாக இருந்தால் எண்ணிக்கை வரும். ஓட்டையும் காய்ந்ததுமாக இருந்தால் வராது, குறைவுக்குக் கைக்காசு போட்டு இலை வாங்கிச் சரிக்கட்ட வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது சரியில்லை என்று கழிக்கிற பீடியும் இவர்கள் கணக்கில்தான். இந்தப் பெண் 10-ஆம் வகுப்பிலிருந்தே ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறாள்: வாங்கிய இலை, வந்த பீடி, கழித்தது, வெளியே வாங்கிய இலைக்கு ஆன செலவு. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, எந்த வாரத்து இலையில் நஷ்டம் என்று அம்மாவிடம் சொல்வாளாம். ஒருமுறை அம்மா அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கடையில் கேட்க, அடுத்த தடவை இலையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வரவு செலவைச் சரிபார்ப்பது என்று மூன்று வருடம் கல்லூரியில் படித்ததை இவள் அதற்கு முன்பே வீட்டில் செய்துகொண்டிருந்தாள். ரெஸ்யூமேயில் அதில் ஒரு சொல்கூட இல்லை. பொழுதுபோக்கு: பாட்டுக் கேட்பது என்று இருந்தது.

நாங்கள் செய்தது அந்த நோட்டை ஒரு நிமிடப் பதிலாக மாற்றியதுதான். என்ன சிக்கல், அவள் என்ன செய்தாள், கடைசியில் என்ன ஆனது. இந்த வரிசைக்குப் பயிற்சி வகுப்புகளில் 'ஸ்டார்' என்று பெயர் வைத்துச் சொல்லிக் கொடுப்பார்கள், நல்ல முறைதான். கணக்குப் பிரிவு வேலை என்பதால் இந்த விஷயத்தை எடுத்தோம், விற்பனை வேலைக்குப் போயிருந்தால் வேறொன்றை எடுத்திருப்போம். அவளுக்கு ஒரு நிதி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நோட்டுதான் வாங்கிக் கொடுத்தது என்று சொல்ல மாட்டேன், எழுத்துத் தேர்விலும் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அந்தப் பதிலைச் சொல்லும்போது அவள் தலை குனியவில்லை என்பது.

இப்படி நடந்த சம்பவத்தைச் சொல்வது வேலை செய்வதற்குக் காரணம் இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் மதிப்பெண் போடுகிற நேர்காணல்தான் ஆளைச் சரியாகக் கணிக்கிறது என்பது இந்தத் துறையில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். 1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இருவர் பல ஆய்வுகளைச் சேர்த்துச் செய்த தொகுப்பாய்விலும் அது மேல் வரிசையில் இருந்தது, 2022-இல் பால் சாக்கெட் குழு மறுபடி கணக்குப் போட்டபோது அதுவே முதலிடத்துக்கு வந்தது. நல்ல நிறுவனங்கள் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே "நான் கடின உழைப்பாளி" என்பதற்கு மதிப்பெண் போட இடமே இருக்காது. "அப்போது என்ன செய்தாய்?" என்பதற்குத்தான் இருக்கும். நம் ஊரில் இன்னும் பேனலில் இருப்பவரின் மனநிலைப்படி நடக்கிற நேர்காணல்களும் நிறைய, அங்கே நீங்கள் எதைச் செய்தாலும் ஓரளவு அதிர்ஷ்டம்தான்.

ரெஸ்யூமே பற்றிச் சுருக்கமாக. நண்பனிடம் வாங்கிப் பெயரை மாற்றின கோப்பு வேண்டாம். 'சேலஞ்சிங் என்விரான்மென்ட்' என்று தொடங்கும் அந்த முதல் பத்தியை எடுத்துவிடுங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, கீழே உறுதிமொழி இதெல்லாம் தனியார் நிறுவனத்துக்குத் தேவையில்லை. இப்போது எல்லாரும் சாட்ஜிபிடியிடம் கேட்டு எழுதுகிறார்கள். இலக்கணப் பிழை திருத்தக் கேளுங்கள், தப்பில்லை. விஷயத்தை அதனிடம் கேட்டால் பக்கத்து பெஞ்சுக்காரனுக்குக் கொடுத்ததையே உங்களுக்கும் கொடுக்கும். நிறுவனம் வெளியிட்ட வேலை விவரத்தை எடுத்து, அதில் கேட்கிற மூன்று திறமைகளில் உங்களிடம் உண்மையிலேயே இருப்பதை மேலே கொண்டு வாருங்கள். நாவல் வாசிப்பு வேண்டாம். "கடைசியாக எதை வாசித்தாய்?" என்று கேட்டால் முடிந்தது.

"எங்கே போட்டாலும் போவேன்." இதை எச்.ஆர். கேட்கும் கேள்வி என்று நினைக்காதீர்கள், உங்கள் வீட்டுக் கேள்வி இது. அப்படிச் சொல்லிவிட்டு, புனேயில் போட்டதும் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதத்தில் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெண் பிள்ளைகள் என்றால் வேலை கைக்கு வந்த பிறகு வீட்டில் சண்டை. இத்தனை காலம் விலக மாட்டேன் என்று பாண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் பணப் பிரச்சினையும் சேரும். இன்று ராத்திரியே அப்பா, அம்மாவிடம் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். போக முடியும் என்றால் தயங்காமல் சொல்லுங்கள். சென்னை, பெங்களூர் வரைதான் என்றால், "முதல் வருடம் தென்னிந்தியாவுக்குள் இருந்தால் நல்லது, அதற்குப் பிறகு எங்கும் சரி" என்று சொல்லலாம். சில நிறுவனங்களில் இதனால் வாய்ப்புப் போகும். அது போகட்டும் என்பது என் அபிப்பிராயம், ஆனால் வீட்டு நிலைமை தெரிந்தவர் நீங்கள்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது தேவை. "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொல்லுங்கள். "ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு?" என்று கேட்டால் அந்தக் கேள்வி எதைத் தேடி வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "திசையன்விளை பக்கம் சார், பஸ்ஸில் திருநெல்வேலியிலிருந்து இவ்வளவு நேரம்" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளலாம். அது மறைப்பதும் இல்லை, பொய்யும் இல்லை. உள்ளபடி இருப்பது என்றால் கேட்டவர் எல்லாருக்கும் எல்லாவற்றையும் திறந்து காட்ட வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வேலைக்குச் சம்பந்தம் உள்ள இடத்தில் உண்மை, மற்ற இடத்தில் உங்கள் விருப்பம்.

தமிழ் வழியில் படித்ததை மறைக்கச் சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் சொல்வார்கள். அதே விஷயம் அடுத்த கட்டடத்தில் தகுதியாக நிற்கிறது. தமிழ்நாடு அரசு வேலைகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை 2010-ஆம் வருடச் சட்டத்தின்படி இருக்கிறது. பிறகு வந்த திருத்தத்தின்படி அதற்குப் பள்ளியிலிருந்து அந்தந்தப் படிப்பு வரை முழுக்கத் தமிழ் வழியாக இருக்க வேண்டும், ஆகவே உங்கள் இன்ஜினீயரிங் அதில் வராது. ஆனால் 12-ஆம் வகுப்பைத் தகுதியாகக் கேட்கும் தேர்வுகளுக்கு உங்களுக்கு அது பயன்படும், அந்தச் சான்றிதழைப் பள்ளியில் இப்போதே வாங்கி வையுங்கள். தனியாரிலும் எல்லா இடமும் ஒரே மாதிரி இல்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ என்ற மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் நடக்கிறது, வயல்காட்டுக்கு நடுவில் உலகத்துக்கே மென்பொருள் எழுதுகிறார்கள். ஒரு நிறுவனத்துக்குப் பொருந்தவில்லை என்றால் உங்களிடம்தான் குறை என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதல் ஒன்றிரண்டு வருடம் எப்படி இருந்தாலும் உங்களுக்கு நீங்களே கொஞ்சம் அந்நியமாகத்தான் தெரிவீர்கள். எர்மினியா இபாரா என்ற பேராசிரியர் 1999-இல் வெளியிட்ட ஆய்வுக்காக, ஆலோசனை நிறுவனங்களிலும் முதலீட்டு வங்கிகளிலும் புதிய பொறுப்புக்கு வந்தவர்களை ஆராய்ந்தார். மேலே இருப்பவர்களைக் கவனித்து, சிலவற்றைத் தற்காலிகமாகப் போட்டுப் பார்த்து, ஒட்டியதை வைத்துக்கொண்டு ஒட்டாததை விட்டுவிட்டு, அப்படித்தான் அவர்கள் அந்த வேலைக்கான ஆளாக மாறினார்கள் என்று கண்டார். எங்கள் அலுவலகத்துக்கு நம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகளிடமும் நான் அதைத்தான் பார்த்தேன். முதல் மாதம் மீட்டிங்கில் வாயே திறக்காதவன், இரண்டாம் வருடம் அமெரிக்கக் கிளையண்டிடம் "அது முடியாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, வெளியே வந்து என்னிடம் "அண்ணாச்சி, சாப்பிடப் போவமா" என்பான். இரண்டும் அவனுக்குச் சகஜமாகிவிட்டிருந்தது.

கடைசியாக அப்பா. 'பிசினஸ்' என்று சொன்னால் அடுத்த கேள்வி "என்ன பிசினஸ்? எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?" என்பதுதான். அங்கிருந்து ஒரு பொய்க்கு மேல் இன்னொரு பொய் அடுக்க வேண்டும். நானாக இருந்தால் ஒரே வாக்கியத்தில், "அப்பா பனையேறிப் பதநீர் இறக்குகிறார், அம்மா கருப்பட்டி காய்ச்சுகிறார்" என்று சொல்லிவிட்டு நிறுத்துவேன். கூடுதலாக வறுமைக் கதை சொல்லத் தேவையில்லை, பேனல் அதற்கு மதிப்பெண் போடாது, உங்களுக்கும் பின்னால் சங்கடமாக இருக்கும். அவர்கள் கேட்டால் மட்டும் வேலையைச் சொல்லுங்கள். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது, காய்ச்சும்போது பொங்கி வழிந்துவிடாமல் ஆமணக்கு முத்தைத் தட்டிப் போடுவது, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருண்டு வருகிறதா என்று பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவது. கொஞ்சம் முந்தினால் இறுகாது, கொஞ்சம் பிந்தினால் கருகிவிடும். நீங்கள் சின்ன வயதிலிருந்து அடுப்புக்கு ஓலை தள்ளியிருப்பீர்கள். தினமும் மாறுகிற சரக்கை வைத்து ஒரே தரத்தில் பொருள் எடுப்பது எப்படி என்று ஒரு எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் கேட்டால், உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் அந்த வரிசையில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஆனால் அதற்கும் தயாரிப்பு வேண்டும். சீசன் முடிந்திருந்தாலும் பரவாயில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் உட்கார்ந்து, பதம் வந்துவிட்டது என்பது எதை வைத்துத் தெரிகிறது, நிறமா, நுரையா, சத்தமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை வருடம் பார்த்திருப்பீர்கள், வாயால் சொல்லிப் பார்த்திருக்க மாட்டீர்கள். முதலில் நம் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள், அப்புறம் ஆங்கிலத்தில், நிதானமாக.